உடலளவும் மிதிவீதமும்: வேலைத் தாளம் பற்றிய ஒரு நோக்கு

1. வினா

கவிதையின் தோற்றத்தை ஆராய முற்படுவோர் வேலைத் தாளம் பற்றிய கொள்கையைத் தவிர்த்துச் செல்ல இயலாது. ஜேர்மானியப் பொருளியலறிஞரான கார்ல் பியூஹர் 1896 இல் வெளியிட்ட ‘வேலையும் தாளமும்’ என்னும் நூலில், உடலுழைப்பின் ஒழுங்கான அசைவுகளுக்கும் பாட்டின் தாளத்துக்கும் உள்ள உறவை விரிவாக எடுத்துரைத்தார். ஜோர்ஜ் தொம்சன் அக்கொள்கையை வரலாற்றுப் பொருள்முதல்வாத அடிப்படையில் வளர்த்தார். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் தொம்சனிடம் ஆய்வு செய்த க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகியோர் வாயிலாக அது ஈழத்துத் தமிழாய்வில் வேரூன்றிற்று. ஏற்றப்பாட்டையும் நெற்குற்றும் பாட்டையும் வலையிழுப்போரின் அம்பாப் பாடலையும் விளக்கும்போது நாம் இன்றும் அதனையே துணைக்கொள்கிறோம்.

ஆயினும் அக்கொள்கையினுள்ளே மேலும் தெளிவுபடுத்தப்பட வேண்டிய வினா ஒன்று உண்டு. வேலையின் தாளம் எங்கே பிறக்கின்றது? உழைப்பவரின் உடலிலா, அவர் கையாளும் கருவியிலா, அன்றி உடலையும் கருவியையும் பிணைக்கும் சமூக உறவிலா? தாளம் உடலின் இயற்கையிலேயே பொதிந்துள்ளது எனக் கொள்ளின், பெரிய உடலுக்கு ஒரு தாளமும் சிறிய உடலுக்கு வேறொரு தாளமும் இயற்கையாலேயே விதிக்கப்பட்டுள்ளன என்ற முடிபுக்கு வரவேண்டியிருக்கும். அது தீங்கற்ற முடிபன்று. இன்ன உடல் இன்ன வேலைக்கே உரியது என்னும் பழைய வாதத்துக்கு அது விஞ்ஞானப் போர்வை அளிக்க வல்லது.

பழைய தொழிற்பாடல்களை மட்டும் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண்பது கடினம். அவற்றைப் பாடி உழைத்தோரின் உடலையோ அசைவையோ அளந்து வைத்தவர் எவருமிலர். ஆனால், கடந்த நூறாண்டுகளுக்கு மேலாக ஆய்வுகூடங்களில் மிக நுணுக்கமாக அளக்கப்பட்டுவந்த தாள இயக்கம் ஒன்று உண்டு. துவிச்சக்கரவண்டி மிதித்தலே அது. உடலின் அளவு, கருவியின் அளவு, சுமை, அசைவின் வேகம் ஆகிய யாவும் இங்கு எண்களாகக் கிடைக்கின்றன. உயரமானவர் மெதுவாகவும் குள்ளமானவர் விரைவாகவும் மிதிப்பர் என்று பொதுவாக நம்பப்படுகின்றது. அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராய்வது, மேற்கூறிய வினாவுக்கு ஒரு வழி திறக்கும் என்பதே இக்கட்டுரையின் எண்ணமாகும்.

2. மிதிவீதம் என்றால் என்ன?

மிதிதண்டு நிமிடமொன்றில் எத்தனை முழுச் சுற்றுகள் சுற்றுகின்றது என்பதையே இங்கு மிதிவீதம் என்கிறோம். வண்டியோட்டுபவர் ஆற்றும் வலு, அவர் மிதியின்மீது செலுத்தும் விசையினதும் மிதி நகரும் வேகத்தினதும் பெருக்கமாகும். எனவே ஒரே வலுவைப் பெருவிசையோடு மெதுவாக மிதித்தும் பெறலாம். சிறுவிசையோடு விரைவாக மிதித்தும் பெறலாம். உதாரணமாக, 170 மில்லிமீற்றர் நீளமான மிதிதண்டில் 200 உவாற்று வலுவை ஆற்றும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 சுற்று எனின், சுழலும் திசையில் அவர் சராசரியாகச் செலுத்த வேண்டிய விசை ஏறத்தாழ 187 நியூற்றன். அதாவது ஏறத்தாழ 19 கிலோகிராமின் நிறைக்குச் சமன். 90 சுற்று எனின், அது 125 நியூற்றனாக, அதாவது 13 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவான நிறையாகக் குறைந்துவிடும்.

மூன்று வேறுபட்ட மிதிவீதங்களைப் பிரித்தறிதல் இவ்விடத்து அவசியமாகும். முதலாவது, ஒட்சிசனை மிகக் குறைவாக நுகரும் சிக்கன வீதம். மிதமான வேலைக்கு இது பெரும்பாலும் 50 க்கும் 60 க்கும் இடைப்பட்டது. இரண்டாவது, எவரும் கட்டளையிடாதபோது ஒருவர் தாமாகவே தெரிந்துகொள்ளும் விருப்ப வீதம். பயிற்சிபெற்ற ஓட்டவீரர்களிடத்து இது 80 க்கும் 100 க்கும் இடையில் அமைகின்றது. மூன்றாவது, சில விநாடிகளுக்கு மட்டும் உச்ச வலுவைப் பெறும் வீதம். இது 120 ஐ அண்டியது. இம்மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாமை தற்செயலானதன்று. அதன் காரணத்தைப் பின்னர் நோக்குவோம்.

3. உடலின் கேத்திரகணிதம்

உருவம் பெருகும்போது அதன் பண்புகள் யாவும் ஒரே விகிதத்திற் பெருகமாட்டா என்பதைக் கலிலியோ 1638 இலேயே எடுத்துக் காட்டினார். நீளம் இரட்டிப்பின் பரப்பு நான்கு மடங்காகும். கனவளவு எட்டு மடங்காகும். இவ்வுண்மையை உயிரினங்கள் யாவற்றுக்கும் பொருத்தி எளிமையாக விளக்கியவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். உயிரினங்கள் தத்தமக்குரிய அளவில் இருப்பதேன் என்பது பற்றிய அவரது புகழ்பெற்ற கட்டுரை 1926 இல் வெளியாயிற்று. ஏங்கெல்சின் ‘இயற்கையின் இயக்கவியல்’ 1940 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவரும் அவரே என்பது மனங்கொள்ளத்தக்கது. அளவு மாற்றம் ஒரு கட்டத்தில் பண்பு மாற்றமாகின்றது என்ற இயக்கவியல் விதிக்கு, உடலளவு பற்றிய ஆய்வு கண்கூடான சான்றாகும்.

இனி 150 சதமமீற்றர் உயரமான ஒருவரையும் 180 சதமமீற்றர் உயரமான ஒருவரையும் ஒப்பிடுவோம். உயர விகிதம் 1.2. இருவரது உடலும் வடிவொத்தவை எனக் கொண்டால், தசையின் விசை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைச் சார்ந்ததாதலின் உயர்ந்தவருக்கு அது 1.44 மடங்காகும். உடலின் திணிவோ 1.73 மடங்காகும். மனிதரின் திணிவு நடைமுறையில் உயரத்தின் கனத்துக்கன்றி வர்க்கத்துக்கே நெருங்கியது என்பதைப் பெல்ஜியப் புள்ளிவிபரவியலாளர் அடோல்ப் கெட்டலே 19 ஆம் நூற்றாண்டின் முற்பாதியிற் கண்டறிந்தார். அவ்வாறு கொண்டாலும், காலை ஆட்டிச் சுழற்றுவதற்கு எதிரான சடத்துவத் திருப்பம் உயர்ந்தவருக்கு இரண்டு மடங்குக்கு மேலாகும். ஏனெனில் அது திணிவோடு நீளத்தின் வர்க்கத்தையும் சார்ந்தது.

நீண்ட ஊசல் மெதுவாக ஆடும். குறுகிய ஊசல் விரைந்து ஆடும். ஊசலின் மீடிறன் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறு விகிதசமன் ஆதலின், குறுகிய காலுக்கு 90 சுற்று இயல்பானதெனின் நெடிய காலுக்கு 82 இயல்பானதாகும். உடற்றொழிலியலாளர் ஏ. வி. ஹில் 1950 இல் வெளியிட்ட கட்டுரையில், வடிவொத்த விலங்குகளின் அங்க அசைவுகளது மீடிறன் அவற்றின் நீளத்துக்கே நேர்மாறானது என வாதிட்டார். அவ்விதியை இங்கு பொருத்தின் 90 க்கு எதிராக 75 கிடைக்கும். உயர்ந்தவர் மெதுவாகவே மிதிப்பர் என்னும் நம்பிக்கைக்கு இவை ஆதாரமாகக் காட்டப்படலாம்.

ஆனால் ஈண்டு எச்சரிக்கை தேவை. ஹில் கூறியது வெவ்வேறு விலங்கினங்களைப் பற்றியது. சிறு விலங்குகளின் தசைநார்கள் பெரு விலங்குகளின் நார்களைவிட இயல்பிலேயே விரைந்து சுருங்குபவை. மனிதருள்ளோ குள்ளரும் நெடியரும் ஒரே வகைத் தசையையே உடையவர். விரைந்து சுருங்கும் நார்களும் மெதுவாகச் சுருங்கும் நார்களும் எவ்விகிதத்தில் உள்ளன என்பதில் ஆளுக்காள் வேறுபாடு உண்டு; ஆனால் அவ்வேறுபாடு உயரத்தைப் பின்பற்றுவதன்று. எனவே யானைக்கும் எலிக்கும் உள்ள வேறுபாட்டை மனிதருக்கும் மனிதருக்கும் இடையே ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. மேலும், மிதிமீது வைக்கப்பட்ட கால் சுயேச்சையாக ஆடும் ஊசலன்று. அது இரும்பாலான ஒரு வட்டத்தோடு பிணைக்கப்பட்டுள்ளது.

4. மாறாத மிதிதண்டு

அவ்வட்டத்தின் ஆரை மிதிதண்டின் நீளமாகும். கடைகளிற் சாதாரணமாகக் கிடைக்கும் மிதிதண்டுகள் நெடுங்காலமாக 165 க்கும் 175 மில்லிமீற்றருக்கும் இடைப்பட்டனவாகவே இருந்துவந்துள்ளன. வேறுபாடு 6 சதவீதம் மட்டுமே. நாம் எடுத்துக்கொண்ட இருவரது உயர வேறுபாடோ 20 சதவீதம். கால் உயரத்திற் பாதி எனக் கொண்டால், 170 மில்லிமீற்றர் மிதிதண்டு நெடியவரின் கால் நீளத்தில் 19 சதவீதம். குள்ளரின் கால் நீளத்தில் ஏறத்தாழ 23 சதவீதம். குள்ளரின் முழங்கால் அதிகமாக மடிகின்றது. ஒவ்வொரு மிதிப்பிலும் அவரது தசை தன் நீளத்திற் பெரிய பங்கு சுருங்க வேண்டியுள்ளது. ஆகவே இருவரும் ஒரே வீதத்தில் மிதிக்கும்போது, குள்ளரின் தசையே ஒப்பீட்டளவில் விரைந்து சுருங்குகின்றது. அத்தசை தனக்குகந்த வேகத்திற் சுருங்க வேண்டுமாயின் அவர் மெதுவாக மிதித்தாக வேண்டும்.

இங்கே முரண்பாடு ஒன்று வெளிப்படுகின்றது. காலின் சடத்துவம் நெடியவரை மெதுவாக மிதிக்கத் தூண்டுகின்றது. மாறாத மிதிதண்டோ குள்ளரை மெதுவாக மிதிக்கத் தூண்டுகின்றது. இவற்றோடு மூன்றாவது ஒன்றும் சேர்கின்றது. இருவரும் ஒரே வலுவை ஆற்ற வேண்டியிருப்பின், தசைப் பரப்புக் குறைந்தவர் ஒவ்வொரு மிதிப்பின் விசையையும் குறைக்கும் பொருட்டு விரைந்து மிதிக்க முற்படுவார். இம்மூன்று போக்குகளும் ஒன்றையொன்று எதிர்த்தும் தாங்கியும் இயங்குகின்றன. உயரத்தை மட்டும் அளந்து ஒருவரது மிதிவீதத்தை முன்கூட்டியே கூறிவிட முடியாமைக்கு இதுவே காரணம். பிற யாவும் சமமாயின் உயர்ந்தவர் மெதுவாக மிதிப்பர் எனலாம். ஆனால் பிற யாவும் ஒருபோதும் சமமாவதில்லை.

இவ்விடயத்தில் மார்ட்டின், ஸ்பிர்டுசோ ஆகியோர் 2001 இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. அவர்கள் 120 முதல் 220 மில்லிமீற்றர் வரையான ஐந்து வகை மிதிதண்டுகளைப் பயன்படுத்தி 16 ஆண்களின் உச்ச வலுவை அளந்தனர். மிகக் குறுகிய தண்டிலும் மிக நெடிய தண்டிலும் உச்ச வலு ஏறத்தாழ 4 சதவீதமே குறைந்தது. ஆனால் அவ்வலு கிடைத்த மிதிவீதம், குறுகிய தண்டில் 136 ஆகவும் நெடிய தண்டில் 110 ஆகவும் இருந்தது. மனிதர் அவரே, உடலும் அதுவே. கருவியின் நீளம் மாறியதும் தாளம் மாறிற்று. உடல், கருவிக்கேற்பத் தன் தாளத்தை மாற்றியமைத்துத் தன் ஆற்றலைக் காத்துக்கொண்டது. உச்ச வலுவுக்கு உகந்த மிதிதண்டு கால் நீளத்தில் 20 சதவீதம் என்றும் அவ்வாய்வு மதிப்பிட்டது. அதன்படி நம் குள்ளருக்கு 150 மில்லிமீற்றரும் நெடியவருக்கு 180 மில்லிமீற்றரும் உகந்தன. சந்தையின் வழமையான அளவுகள் இவ்விரண்டையும் உள்ளடக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

மிதிதண்டின் நீளம் பற்றிய எண்ணங்களும் காலத்துக்குக் காலம் மாறுவன. 188 சதமமீற்றர் உயரமான மிகுவெல் இந்துராயின் 1994 இல் ஒரு மணி நேரத்தில் 53.040 கிலோமீற்றர் ஓடிச் சாதனை நிலைநாட்டியபோது 190 மில்லிமீற்றர் மிதிதண்டைப் பயன்படுத்தினார். 2024 இல் ரடேய் பொகாச்சார் 165 மில்லிமீற்றர் தண்டுக்கு மாறியபின் குறுகிய தண்டுகள் பரவலாக நாடப்பட்டன. முப்பது ஆண்டுகளில் மனித உடல் மாறிவிடவில்லை. மாறியது உடல் பற்றிய கருத்தும் வண்டியில் அமரும் நிலையுமேயாம்.

5. உயர்சில்லிலிருந்து சங்கிலிக்கு

உடலளவு மிதிவீதத்தை நேரடியாக ஆண்ட காலமும் ஒன்று இருந்தது. 1870 களிலும் 1880 களிலும் வழங்கிய உயர்சில்லு வண்டியில் மிதி முன்சில்லின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தது. மிதி ஒரு முறை சுற்றச் சில்லும் ஒரு முறை சுற்றும். வேகமாகச் செல்ல விரும்பியவருக்குப் பெரிய சில்லு தேவைப்பட்டது. ஆனால் சில்லின் பருமனைக் கால் நீளமே வரையறுத்தது. 60 அங்குலச் சில்லை ஓட்டிய நெடியவர் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் செல்ல நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 முறை மிதித்தால் போதுமானது. 48 அங்குலச் சில்லையே எட்டக்கூடியவர் அதே வேகத்துக்கு 87 முறை மிதிக்க வேண்டியிருந்தது. உயர்ந்தவர் மெதுவாகவும் குள்ளர் விரைவாகவும் மிதித்தனர் என்பது அக்காலத்துக்கு முற்றிலும் உண்மை. ஆனால் அவ்வுண்மையை விளைவித்தது தசையின் இயற்கையன்று, சில்லின் அமைப்பேயாகும்.

1885 இல் ஜோன் கெம்ப் ஸ்ராலி உருவாக்கிய ‘றோவர்’ வண்டி இந்நிலையை மாற்றிற்று. சங்கிலியும் பற்சில்லுகளும் மிதிக்கும் சில்லுக்கும் இடையே புகுந்தன. 28 அங்குலச் சில்லும், முன்னே 44 பற்களும், பின்னே 18 பற்களும் கொண்ட சாதாரண வண்டி, கணக்கின்படி 68 அங்குல உயர்சில்லுக்குச் சமன். எந்த நெடியவரும் எட்டமுடியாத அச்சில்லைச் சங்கிலி குள்ளருக்கும் வழங்கிற்று. 1888 இல் டன்லொப்பின் காற்றடைத்த ரயரும் வந்து சேர்ந்தது. நெடிய காலும் ஓய்வு நேரமும் படைத்த நடுத்தர வர்க்க இளைஞரின் விளையாட்டுப் பொருளாக இருந்த வண்டி, பெண்களுக்கும் தொழிலாளருக்கும் உரிய ஊர்தியாயிற்று. இங்கிலாந்தின் சோசலிசவாதிகள் 1894 இல் ‘கிளாரியன்’ சைக்கிள் கழகத்தை அமைத்து, வண்டிகளில் ஊரூராகச் சென்று பிரசாரம் செய்தமை இம்மாற்றத்தின் பின்னணியிலேயே சாத்தியமாயிற்று.

எனினும் ஒற்றைக் கியர் வண்டியில் ‘விருப்ப வீதம்’ என்பதற்கு அதிக இடமில்லை. மேற்சொன்ன சாதாரண வண்டி மிதியின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5.5 மீற்றர் செல்லும். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர், நெடியவராயினும் குள்ளராயினும், ஏறத்தாழ 46 முறையே மிதிப்பார். விரும்பித் தெரிவு செய்வதற்குப் பல கியர்கள் வேண்டும். அவை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிடைத்தனவாயினும், ‘ரூர் டி பிரான்ஸ்’ ஓட்டப்போட்டியில் சங்கிலியை ஒரு பற்சில்லிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் பொறி 1937 இலேயே அனுமதிக்கப்பட்டது. ஆகவே இன்று உடலின் இயற்கை விருப்பமெனப் பேசப்படுவது, ஒரு குறிப்பிட்ட தொழில்நுட்ப நிலை தோன்றிய பின்னரே வெளிப்படக்கூடியதாயிற்று. தெரிவு செய்யும் வாய்ப்பே வரலாற்றின் விளைபொருளாகும்.

6. யாருடைய சிக்கனம்?

சிக்கன வீதமும் விருப்ப வீதமும் பொருந்தாமையை இனி நோக்கலாம். மனித உடலை ஓர் இயந்திரமாகக் கருதி, அதன் வினைத்திறனை மிதிவண்டி வேலைமானியால் அளக்கும் முயற்சி 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வலுப்பெற்றது. பெனடிக்ற், கத்காட் ஆகியோரின் ஆய்வு 1913 இல் வெளியாயிற்று. சில்வியா டிக்கின்சன் 1929 இல் வெளியிட்ட ஆய்வில் நிமிடத்துக்கு 33 சுற்றுகளை அண்டியே வினைத்திறன் உச்சமடைவதாகக் கண்டார். பின்வந்தோர் வலு கூடக்கூடச் சிக்கன வீதமும் உயர்வதைக் காட்டினர். 1985 இல் கோஸ்ற், வெல்ச் ஆகியோர் அளந்தபோது, 100 உவாற்றில் ஏறத்தாழ 50 ஆக இருந்த அவ்வீதம் 300 உவாற்றில் 80 ஐ நெருங்கிற்று. பெரிய உடலுடையோர் பெரும்பாலும் கூடிய வலுவை ஆற்றுவர். அவ்வழியிலும் உடலளவு மிதிவீதத்தைத் தொடுகின்றது, ஆனால் எதிர்த்திசையில்.

இத்தனைக்கும் பிறகும், பயிற்சிபெற்ற ஓட்டவீரர் சிக்கன வீதத்துக்கு மேலாகவே மிதித்தனர். 1981 இல் ஹக்பேர்க் முதலானோர் ஆராய்ந்த வீரர்களின் விருப்ப வீதம் சராசரியாக 91 ஆக இருந்தது. ஒட்சிசனை வீணாக்கும் இப்பழக்கம் நீண்டகாலம் புதிராகவே பேசப்பட்டது. விடை தசையின் உள்ளே கிடைத்தது. 1992 இல் வெளியான ஓர் ஆய்வு, ஒட்சிசன் நுகர்வு ஒத்திருந்தபோதும், 100 சுற்றில் மிதித்தபோதைவிட 50 சுற்றில் மிதித்தபோது விரைந்து சுருங்கும் தசைநார்களின் கிளைக்கோசன் இருப்பு அதிகமாகக் கரைந்ததைக் காட்டிற்று. மெதுவாக மிதிப்பவர் ஒவ்வொரு மிதிப்பிலும் பெருவிசை செலுத்துவதால், எளிதிற் களைப்படையும் நார்களையும் வேலைக்கு அழைக்க நேர்கின்றது. வீரர்கள் மூச்சை ஓரளவு செலவிட்டுக் காலைக் காத்துக்கொண்டனர். அளவுகருவி ஒன்றையே நோக்கியபோது, உழைக்கும் உடல் பலவற்றையும் ஒருங்கே நிறுத்துப் பார்த்திருந்தது.

இங்கேதான் இவ்விடயத்தின் சமூகப் பொருள் வெளிப்படுகின்றது. பிரெடரிக் வின்ஸ்லோ ரெய்லரின் முகாமை நூல் 1911 இல் வெளிவந்தது. சவளால் அள்ளும் ஒரு சுமை 21 இறாத்தலாயின் ஒரு நாளின் வேலை உச்சமாகும் என அவர் கணித்தார். அக்கணிப்புக்கு அளவுகோலாக அமைந்தவர், அவர் ‘முதற்தரமான’ தொழிலாளி எனக் கொண்டவர். சிறிய உடலுடையவர் அக்கணக்கிற் குறைபாடுடையவராகவே தோன்றுவார். சிக்கனம் என்ற சொல் நடுநிலையானதன்று. எதைச் சிக்கனப்படுத்துவது, எவர்க்காகச் சிக்கனப்படுத்துவது என்ற வினா அதனுள் மறைந்துள்ளது. உழைப்பவர் தாமே தெரிந்துகொள்ளும் தாளத்தில் அவரது உடலின் அனுபவ அறிவு உறைந்திருக்கின்றது. அதனைப் பிழையென்று தள்ளிய விஞ்ஞானம், பின்னர் அதனிடமே பாடம் கற்றது.

7. பிறர்க்கென அமைந்த கருவி

கெட்டலே 1835 இல் ‘சராசரி மனிதன்’ என்னும் கருத்தை முன்வைத்தார். பேரளவு உற்பத்திக்கு அத்தகைய கற்பனை மனிதன் ஒருவன் தேவைப்பட்டான். ஒரே அளவில் மிதிதண்டுகளை வார்ப்பது மலிவானது. அவ்வாறு வார்க்கப்பட்டபோது அளவாகக் கொள்ளப்பட்டது வளர்ந்த ஆணின் உடல். அவ்வளவுக்கு அடங்காத உடல்களுக்கு நேர்ந்ததை நம்மவர் நன்கறிவர். தந்தையின் வண்டியை ஓட்ட முயன்ற சிறுவன் ஆசனத்தில் அமர முடியாமற் பாருக்குக் கீழாகக் காலை நுழைத்து மிதித்தான். தமிழ்நாட்டில் இதனைக் ‘குரங்குப் பெடல்’ என்பர். அவன் மிதியை முழுதாகச் சுற்றாமல், அரைச்சுற்று அழுத்திப் பின்னிழுத்து மீண்டும் அழுத்தினான். சுழற்சி ஊசலாட்டமாயிற்று. உடலுக்கும் கருவிக்குமுள்ள அளவு வேறுபாடு ஓர் எல்லையைக் கடந்ததும், தாளத்தின் வேகமன்றித் தாளத்தின் வகையே மாறிற்று. அளவு பண்பாக மாறுவதற்கு இதனினும் தெளிவான உதாரணம் தேடவேண்டியதில்லை.

1990 களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் அங்கமாகப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் பழகினர். பெண்களுக்கான வண்டிகள் போதாமையால் ஆண்களுக்கான வண்டிகளிலும் ஓட்டினர். அவ்வண்டியையே விரும்பிய பெண்களும் இருந்தனர். முன்னேயுள்ள பாரிலே குழந்தையை இருத்திச் செல்லலாம் என்பது அவர்கள் கூறிய காரணம். உடலுக்குப் பொருந்துதல் மட்டுமே கருவியின் நன்மையாகாது என்பதை அவர்கள் உணர்த்தினர். அவர்களது தெரிவை உயரத்தையும் கால் நீளத்தையும் கொண்டு விளக்கிவிட முடியாது. வீட்டுப்பொறுப்பு, பயண தூரம், சுமை ஆகிய யாவும் அத்தெரிவிலே கலந்துள்ளன.

இதன் மறுபக்கத்தை டாக்காவின் மிதி றிக்‌ஷாத் தொழிலாளரிடம் காணலாம். ஒற்றைக் கியரும் பாரமான சட்டமும் கொண்ட வண்டியில், இருவரையோ மூவரையோ ஏற்றிப் புறப்படும் மெலிந்த உடலினருக்கு விருப்ப வீதம் என்ற ஒன்றில்லை. புறப்படும் கணத்தில் ஆசனத்தை விட்டெழுந்து உடலின் முழுப்பாரத்தையும் மிதியின்மேற் போட வேண்டியுள்ளது. அவரது மிதிவீதத்தை முடிவு செய்வது கால் நீளமன்று. ஏற்றிய சுமையும் நாள் வாடகையும் கியரின்மையுமே.

8. முடிபு

உடலளவு மிதிவீதத்தைப் பாதிக்கின்றது என்பதில் ஐயமில்லை. காலின் சடத்துவம், தசையின் பரப்பு, முழங்காலின் மடிப்பு ஆகியன பௌதிக உண்மைகள். அவற்றை மறுப்பது பொருள்முதல்வாதமாகாது. ஆயின் உடலளவு ஒருபோதும் தனித்து நின்று செயற்படுவதில்லை. மிதிதண்டு, கியர், சுமை ஆகியவற்றின் ஊடாகவே அது தாளமாக வெளிப்படுகின்றது. அவற்றின் அளவைத் தீர்மானிப்பவை உற்பத்தி முறையும் சமூக உறவுமாகும். உயர்சில்லில் உயர்ந்தவர் மெதுவாக மிதித்தார். ஒற்றைக் கியர் வண்டியில் அனைவரும் ஒரே வீதத்தில் மிதித்தனர். பல கியர்கள் வந்தபின் ஒவ்வொருவரும் தமக்குகந்ததைத் தெரிந்துகொண்டனர். உடல்கள் அவையே, விடைகள் மூன்று.

இதிலிருந்து தொழிற்பாடல் ஆய்வுக்கு வழிமுறை ஒன்று பெறப்படுகின்றது. வேலைத் தாளத்தை உடலின் இயற்கையென்று கூறி நின்றுவிடுதல் போதாது. யாழ்ப்பாணத்தில் துலா மிதித்து நீரிறைத்தோரின் பாட்டை ஆராய்பவர், துலாவின் நீளத்தையும் கிணற்றின் ஆழத்தையும் பட்டையின் கொள்ளளவையும் கேட்டறிதல் வேண்டும். துலாமேல் நடந்தவரின் நிறையே அங்கு நீரை உயர்த்திற்று என்பதால் அவரது உடலளவையும் கேட்டறிதல் வேண்டும். அவற்றோடு, தோட்டம் எவருடையது, எத்தனை நாழிகை இறைக்க வேண்டும் என விதித்தவர் எவர் என்பதையும் கேட்டறிதல் வேண்டும். இவ்வினாக்களுள் ஒன்று விடுபடினும் தாளத்தின் விளக்கம் நிறைவு பெறாது. கருவி உழைப்பவரின் உடலுக்கேற்ப அமைவதும், அதன் வேகத்தை உழைப்பவரே தெரிந்துகொள்வதும் பொறியியலாளர் மட்டும் தீர்த்துவைக்கும் பிரச்சினைகளல்ல. கருவியின் மீதான உரிமை எவரிடத்து உள்ளது என்பதோடு அவை பிணைந்துள்ளன.